1,000 கி.மீ. தூரத்துக்கு ரயிலா, விமானமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெடுவழி கேட்டது:

சுமார் 1,000 கி.மீ. போக வேண்டும். மூன்று வழி இருக்கிறது. விமானம் ஒன்றரை மணி நேரம். பகலில் ஓடும் அதிவேக ரயில் ஐந்து மணி நேரம். படுக்கை வசதியுள்ள இரவு ரயில் பதின்மூன்று மணி நேரம். கட்டணம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் காசுக் கணக்கை விட்டுவிடலாம்.

முழங்கால் வலி உள்ள பெரியவர் ஒருவரும் நாலு வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள். வாசலிலிருந்து வாசல் வரை பார்த்தால் உண்மையில் எவ்வளவு நேர வித்தியாசம் வரும்? உடம்புக்கு எது தேவலை? தாமதம், ரத்து என்று வந்தால் எதில் அதிகம் மாட்டிக்கொள்வோம்? "ரயில் பயணம் ஒரு சுகமான அனுபவம்" வகைப் பதில்கள் ஏகப்பட்டது படித்தாயிற்று. எங்கே சிக்கல் வரும், ஏன் வரும் என்று சொன்னால் போதும்.

கால_அட்டவணை பதில்:

நேரக் கணக்கு மட்டும் நான் சொல்கிறேன். விமான டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றரை மணி நேரம் வானத்தில் பறக்கிற நேரம் அல்ல. ஒரு ஊரில் கேட்டை விட்டு நகர்வது முதல் அடுத்த ஊரில் கேட்டுக்கு வந்து நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதிலேயே அடக்கம், அதைத் தனியாகக் கூட்ட வேண்டாம். கூட்ட வேண்டியவை வேறு. விமான நிலையம் போக 45–60 நிமிடம். புறப்பாட்டுக்கு முன் 90–120 நிமிடம். பின்வரிசையிலிருந்து இறங்கி வெளியே வர 10–15. பெட்டி பெல்ட்டில் வர 20–30. ஊருக்குள் போக மறுபடி 45–60. மொத்தம் ஐந்திலிருந்து ஆறேகால் மணி நேரம்.

அதிவேக ரயிலுக்கு நிலையம் போக 20–30, ஏறுவதற்கு முன் 20–30, ஓட்டம் ஐந்து மணி நேரம், இறங்கி வெளியே வர 5–10, வீடு சேர 20–30. ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் மணி வரை. நடுவாக எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். டிக்கெட்டைப் பார்த்தால் மூன்றரை மணி நேரம் போலத் தெரிகிறது.

ரயில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அந்தத் தடத்தில் விமானம் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்பது இதனால்தான். 1981-இல் பாரிஸ்–லியோன் பாதை திறந்தபோதும் அதுதான் நடந்தது, 2008-இல் மாட்ரிட்–பார்சிலோனா (621 கி.மீ., இரண்டரை மணி நேரம்) திறந்தபோதும் அதுதான். பிரான்ஸ் 2021-இல் இதைச் சட்டமாகவே ஆக்கி, 2023-இல் அரசாணையும் போட்டது. ரயிலில் இரண்டரை மணிக்குள் போக முடிகிற உள்நாட்டு ஊர்களுக்கு விமானம் கூடாது என்றதில், பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்டோ தடங்கள் போயின.

உங்கள் ரயில் ஐந்து மணி எடுக்கிறது என்றால் சராசரி வேகம் மணிக்கு 200 கி.மீ. தான். பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கி.மீ. தூரத்தை வேகமான ரயில்கள் நாலரை மணிக்குள் கடக்கின்றன. அதிகபட்ச வேகம் என்று விளம்பரத்தில் போடுவதைப் பார்க்காதீர்கள், நிறுத்தங்களை எண்ணுங்கள். 300-இல் ஓடும் ரயில் ஒரு ஊரில் இரண்டு நிமிடம் நின்றாலும், வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றுவதற்குள் மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஒரே பாதையில் ஒரே மாதிரி வண்டிகளில் ஒரு வண்டி மட்டும் முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

எல்லா ரயிலுக்கும் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறலாம் என்றும் நினைக்க வேண்டாம். லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலில் பாஸ்போர்ட், பை சோதனை இரண்டும் ஏறும் முன்பே. புறப்பாட்டுக்கு 30 நிமிடம் இருக்கும்போதே கேட் மூடிவிடும். சீனாவிலும் ஸ்பெயினின் அதிவேக ரயில்களிலும் பையை ஸ்கேன் செய்துதான் விடுவார்கள். பிரான்ஸில் வண்டி கிளம்புவதற்கு 2 நிமிடம் முன்பே கதவு சாத்திவிடும். நிலையம் ஊருக்கு நடுவில்தான் இருக்கும் என்பதும் எப்போதும் சரியல்ல. பிரான்ஸில் ஓட்-பிகார்டி என்று ஒரு அதிவேக ரயில் நிலையம் உண்டு. சுற்றிலும் வயல் என்பதால் "பீட்ரூட் நிலையம்" என்றே கேலிப் பெயர். நிலையம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு என் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவு ரயிலின் பதின்மூன்று மணி நேரத்தில் எட்டு மணி நேரம் எப்படியும் தூங்கப் போகிறீர்கள். ஆனால் அது இரவு எட்டு–ஒன்பதுக்குக் கிளம்பி காலை ஒன்பது–பத்துக்குள் சேரும் வண்டியாக இருந்தால்தான். மாலை நாலரைக்கு ஏறி விடிகாலை ஐந்தரைக்கு இறங்குகிற வண்டி என்றால் மாலையும் போச்சு, தூக்கமும் போச்சு.

லோயர்_பெர்த் பதில்:

உடம்பு விஷயத்துக்கு நான் வர்றேன். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிற அளவுக்கு இருக்காது. 8,000 அடி உயர மலை மேல உட்கார்ந்திருக்கிற அளவு வரைக்கும் விடலாம்னு விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது விமானங்கள்ல 6,000 அடி அளவுக்கு வெச்சிருப்பாங்க. 8,000 அடியில காத்தழுத்தம் தரையில இருக்கிறதுல முக்கால் பங்குதான். அதனால வயித்துல இருக்கிற வாயு மூணுல ஒரு பங்கு கூடுதலா விரியும். சாப்பிட்டு ஏறினா வயிறு உப்புசமா இருக்கிறது அதனாலதான். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும். கண்ணு உறுத்தும், மூக்கு காயும். ஆனா உள்ளதைச் சொல்லணும்னா, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. எட்டு மணி நேரம் பறக்கிறவங்க கவலைப்பட வேண்டியது.

குழந்தைக்குப் பிரச்சினை காதுதான். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலிக்கும். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற குழல், உள்ளேயிருந்து காத்தை வெளிய விடுறது சுலபம், வெளியேயிருந்து உள்ள இழுக்கிறது கஷ்டம். விழுங்கினாத்தான் அது திறக்கும். தூக்கத்துல குழந்தை அவ்வளவா விழுங்காது. அதனால தரையிறங்க அரை மணி இருக்கும்போதே எழுப்பி, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் குடுங்க. சளி பிடிச்சிருந்தா டாக்டரைக் கேட்காம ஏத்த வேண்டாம். அதிவேக ரயில் சுரங்கத்துக்குள்ள நுழையும்போதும் காது லேசா அடைக்கும், ஆனா பெட்டிகளை அழுத்தம் தாங்குற மாதிரி இறுக்கமா மூடியிருக்கிறதால அது சமாளிக்கிற அளவுதான்.

முழங்காலுக்கு வருவோம். விமானத்துல சாதா வகுப்பு இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடைவெளி 28–32 அங்குலம். ஜப்பானோட ஷின்கான்சென் அதிவேக ரயில்ல சாதா வகுப்பிலேயே 1,040 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 41 அங்குலம். மடக்கின முழங்காலுக்கு இந்த ஒன்பது அங்குலம் பெரிய நிம்மதி. அதுக்காக ரயில்ல அப்படியே உட்கார்ந்துட்டு வரக்கூடாது. விமானம், ரயில், பஸ், கார் எதுவா இருந்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்தா காலில் ரத்தம் உறையிற அபாயம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. ரயில்ல எழுந்து நடக்க இடம் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். மணிக்கு ஒரு தடவை பெரியவரைப் பெட்டியோட ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி வரைக்கும் நடக்கச் சொல்லுங்க. இடைவழி ஓர இருக்கையா கேளுங்க.

இரவு ரயில்னா கண்டிப்பா லோயர் பெர்த். ஏணி ஏற முடியாதுங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, வண்டி பக்கவாட்டுல ஆடும்போது உயரம் போகப் போக ஆட்டம் கூடும். அப்பர் பெர்த்துல நல்லாவே தெரியும். ஏசி காத்தும் நேரா முகத்துல அடிக்கும். நம்பர் எடுக்கும்போது பெட்டிக்கு நடுவுல வர்ற மாதிரி எடுங்க. சக்கரங்கள் பெட்டியோட ரெண்டு கோடியிலதான் இருக்கு. அந்தக் கோடியில தண்டவாளத் தட்டல், கதவுச் சத்தம், கழிப்பறைக் கதவு, இழுத்து நிறுத்தும்போது குலுக்கல் எல்லாம் சேர்ந்து வரும். நடுவுல அதுல பாதிகூட இருக்காது. விமானத்துல குலுக்கல் கம்மியா வேணும்னா இறக்கைக்குப் பக்கத்து வரிசை. தலைசுத்தல் இருக்கிறவங்க வளைவுல சாயிற வகை ரயிலைத் தவிர்க்கலாம். இல்லாட்டி வண்டி போற திசையைப் பார்த்து உட்கார்ந்து தூரத்துல இருக்கிறதைப் பார்க்கணும், போனைப் பார்க்கக் கூடாது.

ரன்வே_27 பதில்:

லோயர் பெர்த் சொன்னதில் ஒன்றோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு இரவு ரயிலை நான் சொல்ல மாட்டேன். பெர்த் வசதிதான், ஆனால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து, அரை இருட்டில், ஆடுகிற வண்டியில் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். விழுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பிளாட்பாரம் தாழ்வாக இருக்கும் ஊர்களில் ஏறவும் இறங்கவும் இரண்டு மூன்று செங்குத்தான படி வேறு. விமான நிலையத்தில் நடை அதிகம்தான், ஆனால் சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுவைத்தால் வாசலிலிருந்து இருக்கை வரை ஆள் கூடவே வருவார். அன்று காலையில் போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ரயில் நிலையங்களிலும் உதவி உண்டு, ஆனால் வண்டி நிற்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஆள் சரியான பெட்டிக்கு வந்து சேர வேண்டும். புறப்படும் ஊரில் சரியாக வரும். நடுவழி நிலையத்தில்தான் தவறும்.

தாமதம் பற்றிக் கேட்டீர்கள். விமானம் கெட்டால் மொத்தமாகக் கெடும், ரயில் கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். ஒரே விமானம் நாளொன்றுக்கு நாலைந்து தடவை பறக்கும், அதனால் காலையில் விழுந்த அரை மணித் தாமதம் மாலைக்குள் இரண்டு மணி ஆகிவிடும். போதாக்குறைக்கு விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் வேலை நேர உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் விமானம் நல்ல நிலையில் இருந்தாலும் ஓட்ட ஆள் கிடையாது, ரத்துதான். ரத்தானால் 180 பேருக்கு அடுத்தடுத்த விமானங்களில் மிச்சமிருக்கும் ஏழெட்டு இடங்களைப் பங்கிட வேண்டும். அதனால் முக்கியமான வேலை என்றால் நாளின் முதல் விமானத்தில் போங்கள். முந்தைய இரவே அது அந்த ஊரில் வந்து நின்றிருக்கும். பனிமூட்டம் வரும் பருவத்தில் மட்டும் இந்த யோசனை பலிக்காது.

ரயிலில் காரணங்கள் வேறு. ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்காக ஒதுங்குவது, மின்கம்பி அறுந்து விழுவது, சிக்னல் பழுது, கடும் வெயிலில் தண்டவாளம் நெளியாமலிருக்க வேகத்தைக் குறைப்பது. அமெரிக்காவில் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் நெடுந்தூர வண்டிகள் பெரும்பாலும் சரக்கு நிறுவனங்களின் தடத்தில்தான் ஓடுகின்றன. பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை என்று 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சரக்கு வண்டி ஒதுங்குதடத்தைவிட நீளமாக இருந்தால் அதை எங்கே ஒதுக்குவது? ஒதுங்க வேண்டியது பயணி வண்டிதான். இவ்வளவுக்கும் பிறகும் ரயில் தாமதமாகவாவது போய்ச் சேரும். அதுவரை உங்களுக்கு இருக்கையும் கழிப்பறையும் கூரையும் இருக்கும்.

இழப்பீட்டிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் மூன்று மணிக்கு மேல் தாமதமானால், தூரத்தை வைத்து நிலையான தொகை. டிக்கெட் என்ன விலை என்பது கணக்கில் வராது. வானிலை மாதிரி நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் கிடையாது. ரயிலில் டிக்கெட் விலையில் சதவீதம்: 60 முதல் 119 நிமிடத்துக்கு 25, 120 நிமிடத்திலிருந்து 50.

இதைவிடப் பெரிய பொறி தனித்தனி டிக்கெட். ரயிலில் வந்து விமானம் பிடிப்பது, அல்லது இரண்டு நிறுவனங்களின் விமானங்களைத் தனித்தனியாக எடுத்துக் கோப்பது. முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பல்ல. ஒரே பதிவில் முழுப் பயணமும் இருந்தால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனிதான் என்றால் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

1,500 கி.மீ.க்கு மேல் விமானம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரயிலுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மாஸ்கோ–விளாடிவோஸ்டாக் 9,289 கி.மீ., ரயிலில் ஏறக்குறைய ஏழு நாள், கடிகாரத்தில் ஏழு மணி வித்தியாசம். நாளுக்கு ஒரு மணி நேரமாக உடம்பு தானே பழகிவிடும். விமானத்தில் எட்டு ஒன்பது மணியில் போய் இறங்கிவிட்டு, தூக்கம் சீராக அதற்கப்புறம் ஒரு வாரம் ஆகும்.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் போகும்போது பகல் அதிவேக ரயில், திரும்பும்போது முதல் விமானம் என்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. லேப்டாப், சாமான் பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஐந்து மணி நேரமும் வேலை பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ப்ளக்_பாயின்ட் பதில்:

வேலை பார்க்கலாம், ஆன்லைன் மீட்டிங்கை மட்டும் நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது வெப்பத்தோடு சேர்த்து மொபைல் சிக்னலையும் தடுக்கிறது. வண்டி 300 கி.மீ. வேகத்தில் போனால், மூன்று கி.மீ. நீளத் தடத்துக்குச் சிக்னல் தரும் ஒரு டவரை 36 விநாடியில் தாண்டிவிடும். ஒவ்வொரு டவர் மாறும்போதும் இணைப்பு கைமாற வேண்டும். வண்டியில் தரும் வைஃபையும் கூரையில் உள்ள ஆன்டெனா வழியாகப் பெரும்பாலும் அதே டவர்களைத்தான் பிடிக்கிறது. அதையே ஒரு பெட்டி முழுக்கப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மெயில் போகும், கோப்பு ஏறும், வீடியோ உறையும், சுரங்கத்தில் எல்லாமே நிற்கும். வேண்டியதை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் இருக்கும். மின்சார ரயிலில் ஒரு துணைமின் நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறிது தூரம் மின்சாரமே இருக்காது. சில வண்டிகளில் அந்தச் சில விநாடிகள் ஏசி நின்று, விளக்கு மங்கி, சார்ஜர் அணைந்து எரியும். பழுது என்று பதற வேண்டாம். கெட்டில், ஹேர் டிரையர் மாதிரி இழுவை அதிகமானதைச் செருகினால் டிரிப் ஆகி, பக்கத்து இருக்கைகளுக்கும் சேர்த்துப் போய்விடும்.

விமானத்தில் வேலை நேரம் என்று எண்ணுவதே வீண். ஏறும்போதும் இறங்கும்போதும் மேஜையை மடக்க வேண்டும், லேப்டாப்பை உள்ளே வைக்க வேண்டும். ஒன்றரை மணி டிக்கெட்டில் கைக்கு வருவது முக்கால் மணி. முன்னால் இருப்பவர் சாய்ந்தால் திரையைப் பாதிக்கு மேல் திறக்கவும் முடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. வரம்பு 100 வாட்-அவர். பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வரும்: 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம், 27,000 என்றால் விளிம்பில் நிற்கும். எண் அழிந்துபோன பவர் பேங்கைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். திரவங்களுக்கு 2006-லிருந்து உள்ள 100 மி.லி. விதி பல விமான நிலையங்களில் இன்னமும் அப்படியேதான் இருக்கிறது. குழந்தையின் பால், மருந்துக்கு விலக்கு உண்டு. தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

ரயிலில் யாரும் எடை போட மாட்டார்கள், அதுவே ஆபத்து. நீங்களே தோளுயரத்துக்குத் தூக்க முடியாத பெட்டியைக் கொண்டுவராதீர்கள். அளவு விதி உள்ள இடமும் உண்டு. டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென்னில் 2020 மே முதல், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வரும் பெட்டிக்கு அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். கதவருகே உள்ள தட்டில் பெரிய பெட்டி வைத்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கண் அங்கே இருக்கட்டும், திருட்டு நடப்பது கதவு மூடுவதற்கு முந்தைய நிமிடத்தில். இரண்டு இருக்கை முதுகுகளுக்கு இடையில் உள்ள முக்கோண இடைவெளி காலியாக இருந்தால் அதுதான் நல்ல இடம்.

கால_அட்டவணை:

ஒன்று விட்டுப்போயிற்று. சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும். ஐரோப்பாவின் இரவு ரயில்களில் இது சர்வசாதாரணம். பகலில் இரண்டு அதிவேக வண்டிகளை மூக்கோடு மூக்காகக் கோத்து ஓட்டும்போது, ஒன்றிலிருந்து மற்றதுக்கு உள்ளே வழியே இருக்காது. எந்தப் பெட்டியில் ஏறினாலும் உள்ளேயே நடந்துபோய் இருக்கைக்குச் சேரலாம் என்று நம்பி ஏறினால், குழந்தையையும் பெரியவரையும் இழுத்துக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கி ஓட வேண்டியிருக்கும். டிக்கெட்டில் உள்ள பெட்டி எண், கதவுக்குப் பக்கத்துப் பலகையில் உள்ள ஊர்ப்பெயர், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பிளாட்பாரத்தில் எழுத்தோ எண்ணோ போட்டிருப்பார்கள். பத்து நிமிடம் முன்னதாகவே அங்கே போய் நின்றுவிடுங்கள். 400 மீட்டர் நீள வண்டியில் மறு கோடிக்கு நடக்க முழங்கால் வலிக்காரருக்கு எட்டு நிமிடமாவது ஆகும்.